அணை இறங்கினால் கல்லறைத் திருநாள்

காலையில் பேப்பர் வந்ததும் என் மாமனார் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார். நேராக உள்ளே போய், ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தேடுவார். அதன்மேல் விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "இறங்கிருக்குது சாமி" என்பார்.

அந்த நேரத்தில் நான் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்பேன். அவர் குரலில் இருக்கும் உற்சாகத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இறங்கினா உங்களுக்கு என்ன மாமா அவ்வளவு குஷி? ஊரே குடிக்கத் தண்ணியில்லாம அலையுது."

"எனக்கென்ன குஷி? போட்டிருக்கறதைப் படிச்சேன்" என்று பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். அதற்குப் பின்னால் அவர் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெருக் குழாயடியைப் பற்றி எழுதியதற்கு, சேலத்துப் பெண்களையெல்லாம் சண்டைக்காரிகள் ஆக்கிவிட்டீர்களே என்று ஒரு வாசகி கோபித்து எழுதியிருக்கிறார். அம்மா, அந்த வரிசையில் உங்கள் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தவளே நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சண்டை வேண்டாம். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கே போகலாம்.

ஒரே பெஞ்சில் இரண்டு வேண்டுதல்

எழுபதுகளில் ஒரு பஞ்ச வருடம் அது. எந்த வருடம் என்று கேட்காதீர்கள். என் மூத்தவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான், எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். சேலத்துக்குத் தண்ணீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியில் மாடு மேய்ந்தது. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும். புஸ்ஸென்று அது சீறுகிற சத்தத்துக்கே தெருவில் அத்தனை வீட்டுக் கதவும் திறந்துகொள்ளும்.

அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினோம். துணி அலசிய தண்ணீரில் வாசல் தெளித்தோம். விருந்தாளி வந்தால் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்போமே தவிர, குளிக்கிறீர்களா என்று யாரும் வாய் தவறிக்கூடக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஜவ்வரிசி ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தது. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைக்கத் தண்ணீர் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா சுரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி, எப்படியாவது அணை நிறையட்டும் என்று வேண்டிக்கொள்வேன். பக்கத்தில் மாமாவும் முழந்தாளிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல். ஒரே வீட்டிலிருந்து, ஒரே பெஞ்சிலிருந்து இப்படி இரண்டு விண்ணப்பம் போனால் மாதாதான் என்ன செய்வாள்?

அவர் ஊருக்குக் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. காரணம் வேறு. மாமா சவரிமுத்து பிறந்த கோட்டுக்காடு இப்போது மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. கொளத்தூருக்கு அந்தப் பக்கம், காவிரிக் கரையில் இருந்த சின்ன ஊர். அணை கட்டியபோது ஊரைக் காலி செய்தார்கள். கூரையைப் பிரித்து, கதவு நிலையைப் பெயர்த்து, மாதா கோயில் மணியை இறக்கி, எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். கல்லறைகளை மட்டும் எடுத்து வர முடியவில்லை.

அவற்றில் ஒன்று மாமாவின் அம்மா மரியாயியின் கல்லறை. ஊர் காலியாவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது மாமா மீசை அரும்பிய இளவட்டம். கடைசித் தம்பி சின்னப்பன் பள்ளிக்கூடப் பிள்ளை.

சாதாரண வறட்சிக்கெல்லாம் அந்தக் கல்லறைகள் வெளியே வந்துவிடாது. தண்ணீர் இறங்க இறங்க, முதலில் மேட்டில் இருந்த பழைய கோயிலின் உச்சி தெரியும், பிறகு சுவர் தெரியும். கல்லறைத் தோட்டம் அதற்கும் கீழே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. அணை அடிமட்டத்துக்குப் போனால்தான் அது தலை காட்டும். மற்ற கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள் நவம்பர் மாதத்தில் வரும். நவம்பரில் கோட்டுக்காட்டு மேல் தண்ணீர் நிற்கும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் அணை எப்போது இறங்குகிறதோ அப்போதுதான் கல்லறைத் திருநாள். ஊரே நாலா பக்கமும் சிதறிவிட்டதால் அவரவர் தோதுப்படி போய், கல்லறை மேட்டில் மண் அணைத்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள்.

மோகனூர்க்காரியின் கர்வம்

இதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. நான் மோகனூரில் பிறந்தவள். தண்ணீரை வரிசையில் நின்று பிடிப்பார்கள் என்பதே எனக்குக் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் ஊரில் கோடையில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கும். மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அப்பா ஆலை வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே ஆற்றுக்குப் போய்விடுவார். நாங்களும் பின்னாலேயே ஓடுவோம். முதல் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மணலை நனைத்தபடி மெதுவாக ஊர்ந்து வரும். வறண்ட மணல் நனைகிற அந்த வாசனை இருக்கிறதே, அதை எந்த அத்தரிலும் நான் முகர்ந்ததில்லை. பெண்கள் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஏறி, வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் உயிர் பிடித்துக்கொள்ளும்.

கல்யாணமான புதிதில் இந்தப் பெருமையை மாமாவிடம் அளந்துகொண்டிருந்தேன். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தத் தண்ணி எங்கம்மா மேல நின்னுட்டுத்தான் உங்கூருக்கு வந்துச்சு சாமி" என்றார்.

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் அவரிடம் மோகனூர்ப் பெருமை பேசியதில்லை.

ஒரு கல்யாணப் பத்திரிகை செய்த வேலை

நம் பக்கத்தில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன். கோட்டுக்காட்டுக்காரர்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகியும் இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. கொள்ளிக்குப் பதில் மண். அப்பா கல்லறைக்கு மூத்தவன் முதல் கை மண் போட வேண்டும், அம்மா கல்லறைக்குக் கடைசிப் பிள்ளை போட வேண்டும். கடைசிப் பிள்ளையின் கை படுவதற்கு முன் மற்றவர்கள் அந்த மேட்டைத் தொடவும் மாட்டார்கள், மிதிக்கவும் மாட்டார்கள்.

நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு ஒரு கோடையில் கல்லறைகள் வெளிப்பட்டபோது, அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள். தம்பி மண் அள்ளிப் போட்டாராம். அண்ணன் பூ வைத்தாராம். திரும்பி வரும் வழியில் மேச்சேரியில் இறங்கி, ஒரே இலையில் பரோட்டா சாப்பிட்டார்களாம். மாமா இதைச் சொல்லும்போது பரோட்டாவைத்தான் அதிகம் சொல்வார்.

அப்படி இருந்தவர்களைப் பிரித்தது என் கல்யாணம்.

சின்ன மாமா சின்னப்பன் வாழப்பாடியில் சாக்கு, கயிறு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்குச் சொந்தபந்தங்களைத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைப்பது முறை. மாமா எல்லாரையும் அழைத்துவிட்டு, தம்பிதானே, கடைசியில் போய்க்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அதற்குள் வாழப்பாடிச் சந்தைக்குப் போகிற ஒருவர் தற்செயலாக வீட்டுக்கு வர, பத்திரிகையை மட்டும் முன்னால் கொடுத்து அனுப்பிவிட்டார். பின்னாலேயே போகிறதாகத்தான் இருந்தது. போக வேண்டிய நாளில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்.

சின்ன மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. "பத்திரிகை வந்துச்சு, அண்ணன் வரலை" என்று சொன்னாராம். அவ்வளவுதான் சண்டை. கை நீட்டியதில்லை, காட்டைப் பிரித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோயிற்று. நான் போட்டோவில்தான் சின்ன மாமாவைப் பார்த்திருந்தேன்.

இப்போது கோட்டுக்காட்டுக் கோயில் சுவர் தெரிகிறது, கல்லறைத் தோட்டமும் தெரியப்போகிறது என்றதும் மாமா தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாழப்பாடிக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார்.

மாமா கடை வாசலில் தட்டோடு நின்று, "தம்பி, அண்ணன் வந்திருக்கறேன். அம்மா கல்லறை தெரியப்போவுது. வா, போலாம்" என்றிருக்கிறார்.

சின்ன மாமா தட்டை வாங்கி வைத்துக்கொண்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. சாக்குகளை மடித்து அடுக்கிக்கொண்டே, "புளி வர்ற சமயம். கடையைப் போட்டுட்டு வர முடியாது. பாக்கலாம்" என்றாராம்.

"எப்ப வருவேன்னு சொல்லு. அதுவரைக்கும் நான் காத்திருக்கறேன்."

"சொல்லி அனுப்பறேன்."

திரும்பி வந்த மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "தம்பி வாரேன்னுட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னார்.

"அவரு எங்கப்பா வர்றேன்னு சொன்னாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தட்டை வாங்கிக்கிட்டானில்ல? வேற என்னடா வேணும்?"

இன்னும் காயலை

தண்ணீர் விலகியதும் அங்கே காலை வைத்துவிட முடியாது. பல வருடத்து வண்டல் சேறு. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் களி. மாடு இறங்கினால் மாடு மாட்டிக்கொள்ளும். வெயில் அடித்து, பாளம் பாளமாக வெடித்த பிறகுதான் நடக்கலாம்.

சேறு காய்ந்துவிட்டதா என்று பார்த்து வர மாமா அடிக்கடி கிளம்பிப் போனார். காலையில் முதல் பஸ். மேட்டூரில் இறங்கி, கொளத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து நடை. கையில் ஒரு துணிப்பை, அதில் நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதம். பொழுது சாயும்போது திரும்பி வருவார்.

"என்னாச்சு மாமா?"

"இன்னும் காயலை சாமி. கால் உள்ள போவுது."

"தம்பி சொல்லி அனுப்பினாரா?"

"அனுப்புவான், அனுப்புவான். சேறும் காயோணுமில்ல?"

எனக்கு வேறொரு கவலை. சேற்றில் இறங்கிய வேட்டியைத் துவைக்க எத்தனை குடம் தண்ணீர் ஆகுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நல்லவேளையாக வேட்டியில் செம்மண் புழுதி மட்டும்தான் இருந்தது. செருப்பிலும் அப்படித்தான். பரவாயில்லை, மனிதர் பார்த்து நடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தட்டி உதறி மறுபடியும் கொடியில் போட்டுவிட்டேன்.

அலமாரியில் மெழுகுவர்த்திப் பொட்டலமும் சாம்பிராணியும் தயாராக இருந்தன. புதுத் துண்டு ஒன்று தம்பிக்கென்று வாங்கி மடித்து வைத்திருந்தார். மண் போட்டபின் கை துடைக்கவாம். மூத்தவன் தவழ்ந்து போய் அந்தத் துண்டை இழுத்துவிட்டான் என்று அன்றைக்கு மாமா முதல்முறையாகப் பேரனை அதட்டினார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் பொறுமையிழந்து, "சித்தப்பா வரலைன்னா போகட்டும். நாமளே போய்ப் பூ வச்சுட்டு வந்துரலாம்ப்பா" என்றார்.

மாமா சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வெயிலில் வந்த வெள்ளம்

சேலத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ரேடியோவில் குடகில் நல்ல மழை என்றார்கள். தெருவில் பெண்கள் எல்லாரும் ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டோம். எனக்கு உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. மாமா ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார், வேறு ஏதாவது சொல்வார்களா என்று பார்க்கிற மாதிரி.

"போலாம், நாளைக்கே போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தம்பிக்கு ஒரு வார்த்தை…" என்றார் மாமா.

அவரே வாழப்பாடிக்குக் கிளம்பிப் போனார். கடை பூட்டிக் கிடந்தது. சின்ன மாமா சரக்கு எடுக்கத் தருமபுரிப் பக்கம் போயிருக்கிறார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்களாம். மாமா கடைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிட்டார். வந்து போனதாக யாரிடமாவது சொல்லிவிட்டாவது வந்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

பிறகு ஒரு காலை பேப்பர் வந்தது. மாமா உள்பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"ஏறிருக்குது சாமி" என்றார். அன்றைக்கும் துணிப்பையோடு கிளம்பிப் போய்விட்டு, இருட்டிய பிறகுதான் வந்தார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. காற்று சீறவில்லை, எடுத்த எடுப்பிலேயே தண்ணீர். கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது, ஆனால் குடம் நிரம்புகிற சத்தத்தை அத்தனை நாளுக்குப் பிறகு கேட்கிறோம். பிள்ளைகள் குழாயடியில் ஆடினார்கள். என்னோடு எப்போதும் சண்டை போடுகிற எதிர்வீட்டு அக்கா தன் குடத்தை எடுத்துவிட்டு, "நீ வை கண்ணு" என்றார். நான் அன்றைக்கு வீட்டில் இருந்த அண்டா, குண்டான், சொம்பு எல்லாவற்றையும் நிரப்பினேன்.

மாமா வாசலுக்கு வந்து ஒரு சொம்பு கேட்டார். கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கிறவர், அன்றைக்கு உதட்டில் வைத்து மெல்லக் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் வேண்டுதல் பலித்துவிட்டது. சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொன்னால் பொய். வீட்டில் பிள்ளை குளிக்க வேண்டும், ஆலை ஓட வேண்டும், ஊர் குடிக்க வேண்டும். ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த மெழுகுவர்த்திப் பொட்டலம் கண்ணில் படும். அதை எடுத்து வேறு எதற்கும் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தடுத்த வருடங்கள் அணை அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. மாமா பேப்பரில் நீர்மட்டம் பார்ப்பதை விடவில்லை. படிப்பார், ஆனால் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டார். அப்படியே ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

சின்ன மாமாவை முதல்முறையாக நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். பெட்டியின் கால்மாட்டில் நின்று, துண்டை வாயில் வைத்து அழுதார். யாரும் கேட்காமலே, "இன்னொரு தடவை வந்து கூப்பிடுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். பூட்டிக் கிடந்த கடைப் படியில் அண்ணன் உட்கார்ந்துவிட்டு வந்ததைச் சொல்ல என் வீட்டுக்காரர் வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

கரையில் ஒருவர்

எண்பதுகளில் மறுபடி ஒரு கொடும் வறட்சி. மறுபடி குழாயில் காற்று, மறுபடி குடங்களின் வரிசை. ஒருநாள் காலை நான் குழாயடியில் நின்றிருக்கிறேன், தெருமுனையில் சின்ன மாமா வருகிறார். தலை முழுக்க நரைத்து, கையில் துணிப்பையும் ஒரு பந்து செவ்வந்திப் பூவுமாக.

"அணை இறங்கிருச்சாம் மருமவளே. போலாமா?"

என் வீட்டுக்காரருக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. நானும் சின்ன மாமாவுமாகக் கிளம்பினோம். அலமாரியிலிருந்து அந்தப் பழைய மெழுகுவர்த்திப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். தம்பிக்கென்று மாமா வாங்கி வைத்த துண்டையும் எடுத்துக்கொண்டேன். அது யார் வாங்கி வைத்தது என்று சின்ன மாமாவிடம் நான் சொல்லவில்லை.

கொளத்தூருக்கு அப்பால் கரையில் போய் நின்றோம். கண்ணுக்கு எட்டியவரை வெடித்த மண். தொலைவில் ஒரு கோடாகக் காவிரி. தண்ணீர் விலக விலக அதன் பின்னாலேயே போய், கரையோரத்துக் குடியானவர்கள் எள்ளும் கம்பும் விதைத்திருந்தார்கள். நட்டநடுவில் கூரையில்லாத கோயில் நின்றது.

எள்ளுக் காட்டில் வேலையாக இருந்த ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். பெயர் பழனியப்பன் என்றார். நடுத்தர வயது. எங்கே போகிறோம் என்று சொன்னதும், "வாங்க, தடம் காட்டறனுங்க. அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு எடத்துல களி இருக்குது" என்று முன்னால் நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி நாலாபுறமும் உழுதிருந்தது. அந்தத் துண்டு மட்டும் ஏர் படாமல் கிடந்தது. பாதி வண்டலில் புதைந்த கல் சிலுவைகள். கோயிலைப் பார்த்த வரிசையில் மூன்றாவது. சின்ன மாமா ஒருமுறைகூடத் தடுமாறாமல் அதன் முன்னால் போய் நின்றார். மரியாயியின் பெயரில் பாதி எழுத்து இன்னும் இருந்தது. மாமா அத்தனை நடை நடந்தும் எட்டாத இடத்தை அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"இங்க ஆருங்க, உங்க அம்மாவுங்களா?" என்று கேட்டார் பழனியப்பன்.

"ஆமாங்க."

"அப்ப அந்தப் பெரியவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"எந்தப் பெரியவர்?" என்றேன் நான்.

"முந்தி ஒருக்கா இதே மாதிரி அணை வத்துச்சுங்களே, அப்ப ஒரு பெரியவரு வருவாருங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு. வேட்டி நுனியில அதைத் தொடைச்சுக்கிட்டே இருப்பாரு. அதோ, அந்தக் கரைமேல வேலா மரம் தெரியுதில்லீங்க, அதுக்கடியில வந்து உக்காந்துக்குவாரு. இங்கேயேதான் பாத்துக்கிட்டிருப்பாரு. மத்தியானம் சோத்தைத் தின்னுப்போட்டு, பொழுதெறங்கப் போயிருவாருங்க."

"அப்போ இங்கே சேறாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"சேறேதுங்க? நான் கம்பு வெதச்சு மொளச்சிருச்சே. நல்லாக் காஞ்சு கெடந்துச்சு. 'ஏனுங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு அங்கயே உக்காந்திருக்கறீங்க, வாங்க நான் கூட்டிட்டுப் போறேன்'னு கேட்டேனுங்க. வரமாட்டேன்னுட்டாரு. 'என்ர தம்பி வரோணும் சாமி. அவன் கை பட்டுத்தான் நான் தொடோணும். அவன் வாரேன்னுருக்கறான்'ன்னாரு. அப்புறம் தண்ணி வந்துருச்சுங்க. தண்ணி ஏறுன அன்னிக்கும் வந்து உக்காந்திருந்தாரு. இந்தச் சிலுவை முங்கற வரைக்கும் எந்திரிக்கலைங்க."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எள்ளுக்குக் களை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் காட்டுப் பக்கம் போய்விட்டார்.

செம்மண் புழுதி படிந்த அந்த வேட்டி என் கண் முன்னால் வந்து நின்றது. காய்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னால், தம்பி இல்லாமலே போகலாம் என்று மகன் இழுப்பான், மருமகள் நச்சரிப்பாள். அதனால்தான் காயலை, காயலை என்றிருக்கிறார். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, கண்ணெதிரே அம்மாவை வைத்துக்கொண்டு, ஒரு முறைக்காக, ஒரு தம்பிக்காக, கரையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார் அந்த மனிதர்.

சின்ன மாமா குனிந்து ஒரு கை மண் அள்ளினார். அள்ளிய கை அப்படியே நின்றது. போடவில்லை. மெல்லத் திரும்பி, கரைமேல் இருந்த வேலமரத்தைப் பார்த்தார். அதன் கீழே நிழலைத் தவிர ஒன்றும் இல்லை.

"அண்ணே!" என்று கத்தினார். வியாபாரத்தில் கூவிப் பழகிய தொண்டை, அந்த வெட்டவெளி முழுக்கக் கேட்டது. "அண்ணே, வந்துட்டேன்! வாங்க! வாங்கண்ணே!"

எள்ளுக் காட்டிலிருந்து பழனியப்பன் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னுங்க, கூப்பிட்டீங்களா?"

"உங்களை இல்லீங்க" என்றார் சின்ன மாமா, கையில் மண்ணோடு. "எங்கண்ணனைக் கூப்பிட்டேன்."